எண்ணெய்த் தலைகளின் வரிசை

பத்திரிகை விளம்பரத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் யார் வாயிலும் அது நுழையவில்லை. திறந்த ஒரு வாரத்துக்குள் அது ‘தண்ணிப் பார்க்கு’ ஆகிவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து நாற்கரச் சாலையில் கொஞ்ச தூரம் போய் ஒரு மண் பாதையில் திரும்பினால், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மஞ்சளும் நீலமுமாக அதன் சறுக்குகள் எழுந்து நிற்கும். நான் அப்போது நான்காம் வகுப்பு முடித்திருந்தேன்.

இந்தக் கோடையில் எங்கள் பக்கம் அதே மாதிரி இன்னொன்று புதிதாகத் திறந்திருக்கிறது. என் மகளை அங்கே கூட்டிப்போவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து விடுமுறையே பாதி கழிந்துவிட்டது. கூட்டம் எப்படி இருக்கும், தரை வழுக்குமா, தண்ணீரை மாற்றுகிறார்களா, வெயிலில் நின்று பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று எனக்குக் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. “நீ முடிவு பண்ணிட்டு எழுப்பு” என்று சொல்லிவிட்டு என் கணவர் தூங்கப் போய்விட்டார். விழித்துக் கிடந்த எனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. கூட்டம் என்றால் நான் ஓரமாக ஒதுங்குகிறவள். அத்தை கூட்டத்துக்கு நடுவில் போய் நிற்கிறவள்.

அத்தை அப்பாவுடைய அக்கா. எங்களோடுதான் இருந்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லையா, வீட்டில் செய்துவைக்கவில்லையா, எது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். காலையில் எல்லோருக்கும் சோறு கட்டிவிட்டு ஆபீஸ் போவாள், சாயங்காலம் வந்து எங்கள் வீட்டுப் பாடத்தைப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை அவள் கையில் நல்லெண்ணெய்க் கிண்ணம் இருக்கும். முதலில் எனக்குத் தேய்த்துவிடுவாள், பிறகு அம்மாவுக்கு. வெந்நீர் ஊற்றிச் சீயக்காய் போட்டு அலசிவிடுவதும் அவள்தான். மறுநாள் சனிக்கிழமை, தம்பியின் முறை. அவன் வீட்டைச் சுற்றி ஓடுவான், அத்தையும் பின்னால் ஓடுவாள். எல்லோருக்கும் ஆன பிறகு அத்தை குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன் தலைக்குத் தானே ஊற்றிக்கொள்வாள்.

எங்கே போனாலும் பைகளைப் பார்த்துக்கொள்வதும் அத்தைதான். குற்றாலம் போனால் நாங்கள் அருவிக்கு ஓடுவோம். அத்தை ஈரம் படாத ஒரு பாறையாகப் பார்த்து, சுற்றிலும் பைகளும் செருப்புகளுமாக உட்கார்ந்திருப்பாள். திருச்செந்தூர்க் கடலிலும் அப்படித்தான். யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை. நாங்கள் பையைக் கீழே வைக்கும்போது அவள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள்.

அப்படிப்பட்ட அத்தை, தண்ணிப் பார்க்கு விளம்பரத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தன் கைப்பையில் வைத்திருந்தாள். அதில் வளைந்து வளைந்து இறங்கும் உயரமான சறுக்கு ஒன்றின் படம் இருந்தது. ஒரு நாள் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் அதை நீட்டினாள்.

“ஏட்டி, இதுல பெரிய ஆளுக்களும் ஏறலாம்னு போட்டிருக்குலா? நல்லாப் பாத்துச் சொல்லு.”

நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறவளுக்கு அந்த வரியைப் படிக்க நான் தேவையில்லை. அவளுக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நான் உரக்கப் படித்தேன். பெரியவர்களும் ஏறலாம். சேலை கட்டிக்கொண்டு ஏறக்கூடாது. அத்தை தலையாட்டினாள். அடுத்த வாரம் அவள் பையின் அடியில் கருநீலச் சுடிதார் ஒன்று இருந்தது. ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் இரவல் வாங்கியிருந்தாள். அதுவரை அத்தையைச் சேலையில் தவிர வேறு உடையில் நான் பார்த்ததில்லை. “யார்ட்டயும் சொல்லாத என்ன” என்றாள். சறுக்கில் ஏற அத்தைக்கு ஆசை என்ற ரகசியம் எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதனால் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அழைத்துப்போகும் பொறுப்பைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். பார்க்கில் டைல்ஸ் ஒட்டிய காண்டிராக்டர் அவருக்குச் சினேகிதர். அவர் மூலம் விருந்தினர் அட்டை ஒன்று வாங்கியிருந்தார். அதன் தங்க நிற விளிம்பு வெளியே தெரியும்படி சட்டைப் பையில் செருகிவைத்திருப்பார். “டிக்கெட் வரிசையில நிக்கதெல்லாம் மத்தவங்களுக்கு. நமக்குத் தனி வாசல்” என்று அம்மாவிடம் சொன்னார். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பா, அம்மா, அத்தை, நான், தம்பி என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வாடகை வேனில் கிளம்பினோம்.

கிளம்புவதற்கு முன்னால்தான் அத்தை அந்தத் தவறைச் செய்தாள். அன்றைக்கு அது யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் பெரிய தண்ணீருக்குக் குளிக்கப் போனால் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் போவார்கள். குற்றாலத்துக்கு அப்படித்தான் போகிறோம். இத்தனை தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வறண்ட தலையோடு போவதா? அதிலும் அன்று வெள்ளிக்கிழமை. அத்தை எங்கள் எல்லோருக்கும் தாராளமாக வைத்துத் தேய்த்தாள். தம்பிக்கு அன்று முறை இல்லாவிட்டாலும் விடவில்லை. முன்வழுக்கை விழுந்த சித்தப்பாவின் தலையிலும் இரண்டு சொட்டு விட்டாள். வேன் டிரைவர் மட்டும்தான் தப்பினார். பால்மாவு டப்பா ஒன்றில் சீயக்காயையும் நிறைத்து எடுத்துக்கொண்டாள்.

மண் பாதையில் திரும்பியதுமே வேன் நின்றுவிட்டது. முன்னால் வேன்களும் லோடு ஆட்டோக்களும் அடைத்துக் கிடந்தன. இறங்கி நடந்தோம். வாசலில் இரண்டு வரிசைகள் நின்றன, ஒன்று டிக்கெட் வரிசை, இன்னொன்று விருந்தினர் வரிசை. விருந்தினர் வரிசை இரு மடங்கு நீளமாக இருந்தது.

சித்தப்பா நேராகக் காவலாளியிடம் போனார். “வே, இது விருந்தினர் அட்டை. நல்லாப் பாரும்.”

“பாத்தாச்சு அண்ணாச்சி. அங்கன நிக்கவங்க எல்லாருமே விருந்தினர்தான்” என்றார் காவலாளி. “டிக்கெட் எடுத்து வந்தவங்கதான் கொஞ்சம் பேரு.”

டைல்ஸ் ஒட்டியவர், மண் அடித்தவர், வயர் இழுத்தவர் என்று எல்லோருக்கும் அட்டை கிடைத்திருக்கிறது. அவரவர் தங்கள் சொந்தங்களுக்கும் வாங்கியிருக்கிறார்கள். சித்தப்பா அட்டையைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டு வரிசையின் வாலில் போய் நின்றார்.

வெயில் ஏறியது. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தமும் அலறலும் சிரிப்பும் சுவரைத் தாண்டி வந்தன. தம்பி வரிசையில் நின்றபடியே நீச்சல் அடித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். உள்ளே ஆள் நிரம்பிவிட்டது. இன்னும் ஒரே ஒரு கும்பலை உள்ளே விடுவார்கள், பிறகு இன்றைக்கு வாசல் மூடப்படும். இதுவரைக்கும் எல்லோருக்கும் புரிந்தது. அதற்கு அடுத்த அறிவிப்பில்தான் வரிசையே ஆடிப்போயிற்று. எண்ணெய் தேய்த்த தலையோடு யாரும் உள்ளே வரக்கூடாது. எண்ணெய் கலந்தால் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் மிஷின் கெட்டுப்போகும். கழுவிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அனுமதி.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் காட்சி மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. வரிசை நெடுக, கண்ணுக்கு எட்டிய வரை, தலைகள் வெயிலில் மினுமினுத்தன. திருநெல்வேலிச் சீமையே எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்திருந்தது.

அத்தையின் கை தன் தலைக்குப் போயிற்று. “எல்லாம் என்னாலதான்” என்றாள் அம்மாவிடம்.

“நம்ம மட்டுமா மதினி? அங்க பாருங்க, வழிஞ்சு நெத்திக்கு வந்திருக்கு” என்றாள் அம்மா.

வாசலில் சீருடை போட்ட ஒரு பெண் மெல்லிய வெள்ளைக் காகிதத்தை ஒவ்வொருவர் தலையிலும் ஒற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதத்தில் கறை விழுந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள். சித்தப்பா துண்டை எடுத்து வழுக்கையை அழுத்தித் துடைத்தார். முடி இருந்த ஓரங்களில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். காகிதத்தில் ஒன்றும் விழவில்லை. “நான் உள்ள போயி மேனேஜர்ட்டப் பேசுதேன்” என்று சொல்லிவிட்டு நுழைந்தார். வெளியே வந்தால் மறுபடி விடமாட்டார்கள் என்பது அவருக்கு உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

வெளிச்சுவரில் இரண்டு குழாய்கள் இருந்தன. நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. அதற்கு ஒரு பெருங்கூட்டம் சண்டை போட்டது. அம்மா தம்பியின் கையை இறுக்கிக்கொண்டு, “திரும்பிப் போயிருவோமா மதினி?” என்றாள். அம்மாவிடமிருந்துதான் எனக்கு இந்தக் குணம் வந்திருக்க வேண்டும். அத்தை மண் பாதைக்கு எதிர்ப்புறம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வாழைத் தோட்டம் ஒன்று இருந்தது. ஓரத்தில் ஒரு பம்புசெட் அறையும் தொட்டியும் தெரிந்தன. நிழலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, தோட்டக்கார அண்ணாச்சி எங்கள் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாள். நானும் ஓடினேன்.

“அண்ணாச்சி, மோட்டாரக் கொஞ்சம் போடுதியளா?”

“எதுக்கும்மா?”

“தலை குளிக்கணும்.”

அண்ணாச்சி பார்க்கின் சுவரைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். “குளிக்கப் போற எடத்துக்குக் குளிச்சிட்டு வரச் சொல்லுதாவளாக்கும்! நல்ல கூத்தும்மா இது.” வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு எழுந்தார். “போடுதேன். ஆனா கரண்டு எப்ப போகும்னு சொல்லதுக்கில்ல. சட்டுபுட்டுனு முடிங்க. ஆம்பளையள அந்தால வாய்க்காலுக்குப் போகச் சொல்லுங்க.”

குழாயிலிருந்து தண்ணீர் வெள்ளையாகத் தொட்டியில் விழுந்த சத்தம் பாதையைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அம்மாவும் தம்பியும் வருவதற்குள் பின்னாலேயே இருபது முப்பது பெண்கள் பிள்ளைகளோடு வந்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் எல்லோரும் தொட்டியைப் பார்த்துப் பாய்ந்தார்கள். குடங்கள் மோதுவது மாதிரித் தலைகள் மோதின. ஒரு பிள்ளை கீழே விழுந்து அழுதது.

அத்தை தொட்டித் திண்டின் மேல் ஏறி நின்றாள். அவள் கத்தியதாக எனக்கு நினைவில்லை. “தள்ளுனா யாருக்கும் கிடைக்காது. பிள்ளைய எல்லாம் முன்னால வரட்டும். தாய்மாரு பின்னால நில்லுங்க” என்று பள்ளிக்கூட அறிவிப்பு மாதிரிச் சொன்னாள். அம்மா கேட்டால், அத்தை போட்ட சத்தத்தில் வாழையிலை கிழிந்தது என்பாள். எப்படியோ, கூட்டம் நின்றது. பிள்ளைகள் குனிந்து குழாய்க்குக் கீழே வந்தார்கள். அத்தை தண்ணீரில் காட்டி, தேய்த்து, அலசி, பிழிந்து அனுப்பினாள். ஒரு தலை முடிவதற்குள் அடுத்த தலை குனிந்திருக்கும். டப்பா என் கையில் இருந்தது. தலைக்கு ஒரு கரண்டி சீயக்காய் போடுவது என் வேலை. என் தலையும் தம்பி தலையும் அம்மா தலையும் முதலிலேயே ஆகிவிட்டன.

இடுப்பில் கைக்குழந்தையோடு ஒல்லியான பெண் ஒருத்தி வந்தாள். உவரியிலிருந்து வருவதாகச் சொன்னாள்.

“கடலைப் பக்கத்துல வச்சிக்கிட்டா இங்க தண்ணி பாக்க வந்தே?” என்றாள் வரிசையில் நின்ற முக்கூடல்காரப் பெண். பெரிய உடம்பு, பெரிய குரல்.

“கடல்ல எங்கள எங்க எறங்க விடுதாவ? அது ஆம்பளையளுக்கும் வள்ளத்துக்கும்லா. நாங்க கரையில மீன் வாங்கதோட சரி” என்றாள் உவரிக்காரி. “உங்களுக்கு ஆறு இல்லையாக்கும்?”

“ஆத்துல துணி தொவைக்கத்தான் நேரம் இருக்கு. குளிக்க எங்க இருக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே இருவர் தலையையும் அலசினாள். முக்கூடல்காரியின் அடர்ந்த தலைக்கு வரும்போது சீயக்காய் தீர்ந்துவிட்டது. நான் டப்பாவைக் கவிழ்த்து அடியில் தட்டி, மூடியில் ஒட்டியிருந்ததையும் வழித்துப் போட்டேன்.

அப்போது வாசலில் விசில் அடித்தது. கடைசிக் கும்பலை விடுகிறார்கள். ஈரத் தலைகள் எல்லாம் பாதையைத் தாண்டி ஓடின. அதே நேரத்தில் மோட்டார் உறுமி நின்றது. கரண்டு போய்விட்டது. அத்தை திண்டில் மறந்து கிடந்த கிளிப்புகளையும் ஒரு கொலுசையும் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டு கடைசியாக வந்தாள். வரிசையில் ஆளாளுக்குக் கேட்டுக் கொடுத்துக்கொண்டே எங்களிடம் வந்து சேர்ந்தாள்.

காகிதக்காரி அம்மா தலையில் ஒற்றினாள், கறை இல்லை. தம்பிக்கும் எனக்கும் இல்லை. அத்தை தலையில் ஒற்றினாள். காகிதம் நனைந்து கண்ணாடி மாதிரி ஆயிற்று.

அத்தனை தலையைக் கழுவியவள் தன் தலையைக் கழுவவில்லை.

“எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு அக்கா. மேனேஜர் பாத்துக்கிட்டு நிக்காரு” என்றாள் காகிதக்காரி.

“அதுக்கென்னம்மா” என்றாள் அத்தை. “ஏளா, நீ பிள்ளையளக் கூட்டிக்கிட்டு உள்ள போ. நான் இங்கன பையைப் பாத்துக்கிடுதேன்.” அம்மாவிடம் இதைச் சொல்லும்போது அத்தையின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குற்றாலத்துப் பாறையில் இருக்கும் அதே முகம்தான். ஆனால் எனக்கு அந்தப் பையின் அடியில் கருநீலச் சுடிதார் இருப்பது தெரியும். பையின் ஒரு காதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்களுக்கு முன்னால் நின்ற உவரிக்காரி திரும்பினாள். “எந்த அக்கா? தலை கழுவி விட்ட அக்காவா?” அவ்வளவுதான் கேட்டாள். இடுப்புக் குழந்தையைத் தூக்கி, முன்பின் தெரியாத என் அம்மாவின் கையில் திணித்தாள். “இதப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பம்புசெட்டைப் பார்த்து நடந்தாள். பையை நான் விடவில்லை. அத்தை இழுபட்டபோது நானும் இழுபட்டேன்.

குழாயில் சொட்டுக்கூட இல்லை. ஆனால் தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் கிடந்தது. உவரிக்காரி அத்தையைத் துணி துவைக்கும் கல்லில் உட்காரவைத்தாள். தோளில் தொங்கிய தன் பையிலிருந்து சோற்று டப்பாவின் மூடியை எடுத்து மொண்டாள்.

“எத்தன தலையத் தேச்சிய, உங்க தலைய எண்ணெச் சட்டி மாதிரி வச்சிக்கிட்டு? குனிங்க.”

“சீயக்காய் இல்லியேம்மா. வெறுந் தண்ணிக்குப் போகாது” என்றாள் அத்தை.

“பிள்ளைக்குத் தேய்க்கப் பயத்தமாவு வச்சிருக்கேன். குனிங்கன்னு சொன்னம்லா.”

எங்கள் வீட்டில் எல்லோரையும் குனியச் சொல்கிறவள் குனிந்தாள். உவரிக்காரி மாவைக் குழைத்து அப்பி, இரண்டு கையாலும் தேய்த்தாள். காதுக்குப் பின்னால், பிடரியில், நெற்றி ஓரத்தில் என்று குழந்தையைத் தேய்ப்பது மாதிரியே தேய்த்தாள். மூடி மூடியாக மொண்டு ஊற்றினாள். அத்தை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு வாசல்தான் கண்ணில் இருந்தது. கம்பிக் கதவு அசைவது போலத் தெரிந்தது. “அத்தை, மூடிருவாவ! சீக்கிரம் அத்தை!” என்று குதித்தேன். அத்தை முகத்தைத் தூக்கினாள். கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. நான் பயந்துபோய், “ஏன் அத்தை அழுத?” என்றேன்.

“அழலட்டி. சீயக்காய் கண்ணுல போயிட்டு” என்றாள் அத்தை. உவரிக்காரி இன்னொரு மூடி தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

நான் சமாதானமாகிவிட்டேன். சீயக்காய் கண்ணில் போனால் எப்படி எரியும் என்பது எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெரிந்த விஷயம்.

திரும்பி ஓடிவந்தபோது வாசல் திறந்துதான் இருந்தது. திறந்து வைத்திருந்தார்கள் என்பதே சரி. கதவு ஓடும் பாதையில் முக்கூடல்காரப் பெண் காலை அகட்டி நின்றாள்.

“வழிய விடும்மா, மூடணும்” என்று காவலாளி கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“மூடும் வே. என்னத் தாண்டி மூடிருவீராக்கும்? ஒரு ஆளு பாக்கி இருக்குன்னு எத்தன தடவ சொல்ல?”

அவளுக்குப் பின்னால் தலை ஈரமான பெண்கள் எல்லோரும் நின்றார்கள். காலையில் ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்து முன்னேறியவர்கள்தான். நான்கு எட்டு வைத்தால் உள்ளே தண்ணீர், பிள்ளைகள் கையைப் பிடித்து இழுக்கின்றன, ஆனாலும் ஒருத்தியும் தாண்டவில்லை. பின்னால் நின்ற ஆண்கள், “என்ன தாமசம்?” என்று கத்தினார்கள். “ஒரு அக்கா தலை குளிக்காவளாம்” என்ற செய்தி வரிசை நெடுகப் போயிற்று. வரிசையின் வாலில் நின்றவர்களுக்கு அது என்னவாகப் போய்ச் சேர்ந்ததோ, அவர்களும் அமைதியாகிவிட்டார்கள். நடுவில் அம்மா, ஒரு கையில் தம்பியும் இடுப்பில் யாருடைய குழந்தையோவுமாக நின்றாள். கம்பிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா தங்க விளிம்பு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “எங்க அக்காதான்! அது எங்க அக்காதான்!” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காகிதக்காரி அத்தை தலையில் ஒற்றினாள். காகிதம் ஈரமாயிற்று. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் இருந்தது என்றுதான் எனக்கு இப்போதும் சந்தேகம். அவள் காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, “போங்கக்கா” என்றாள்.

உள்ளே இருந்ததைச் சொன்னால் என் மகள் நம்பமாட்டாள், அவளுக்கு இதெல்லாம் செல்போனிலேயே பழக்கம். எனக்கு அது வேறு உலகமாக இருந்தது. கடல் இல்லாத இடத்தில் அலை வந்தது. காளான் மாதிரிக் குடையிலிருந்து மழை பெய்தது. நீலத் தரை வழியாகத் தண்ணீர் வானத்தைக் கொண்டுவந்து காலடியில் போட்டது. கூட்டத்தில் நிற்க இடமில்லை. தோளோடு தோள் உரசித்தான் நனைந்தோம். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமான நெரிசலை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

அம்மா ஒரு தூணோரமாகத் துண்டை விரித்துப் பைகளை அடுக்கினாள். “பையை நான் பாத்துக்கிடுதேன் மதினி. நீங்க ஏறுங்க” என்றாள். ரகசியம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது.

கருநீலச் சுடிதாரில் அத்தை வேறு யாரோ மாதிரி இருந்தாள். அது அவளுக்கு ஒரு சுற்றுச் சின்னது. சறுக்கின் படிகளில் நீண்ட வரிசை நின்றது. உவரிக்காரியும் அவளுமாகப் பேசிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏறினார்கள். கீழே நாங்கள் அண்ணாந்து நின்றோம். உச்சியில் அத்தை ஒரு கணம் உட்கார்ந்து ஊரைப் பார்த்தாள். அங்கிருந்து வாழைத் தோட்டமும் பம்புசெட்டும் அதற்கப்பால் ஆற்றின் ஒரு வளைவும் தெரியும் என்று பிறகு சொன்னாள். அடுத்த கணம் ஒரு பெரிய கூச்சல் குழாய்க்குள் வளைந்து வளைந்து இறங்கியது. அத்தையின் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எங்களுக்குத் தெரியாது. தண்ணீரில் வந்து விழுந்து, எழுந்து, முகத்தை வழித்தாள். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மறுபடியும் படியைப் பார்த்து ஓடினாள். சித்தப்பா வாயைத் திறந்தபடி நின்றார்.

அத்தை இப்போது ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். வெள்ளிக்கிழமை தோறும் என் மகளுக்குப் போனில் எண்ணெய் தேய்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று வெள்ளிக்கிழமை. சீயக்காய் பிள்ளையின் கண்ணுக்கு ஆகாது என்று நான் பயத்தமாவுதான் தேய்க்கிறேன். யோசனையில் கை தவறி, குழைத்த மாவு அவள் கண்ணிலேயே வழிந்துவிட்டது. நான் பதறிப்போய்த் தண்ணீரை மொண்டு ஊற்றினேன். எரியுதா, எரியுதா என்று கேட்டேன். அவள் கண்ணைக் கொட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எரியவே இல்லம்மா. இது எரியாதுலா?”

செம்பு என் கையில் அப்படியே நின்றது. அன்றைக்குச் சீயக்காய் தீர்ந்துபோயிருந்தது. டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியவளே நான்தான்.